அச்சாணியும் இடைத்தட்டும்

திருக்குறளில் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர், அச்சாணி உவமை வரும் இடத்தில் சற்று நின்றே ஆகவேண்டும். பெருந்தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படி உருவத்தால் சிறியராய்ச் செயலால் உறுதியுடையராய் இருப்போர் உலகில் உண்டு என்பது கருத்து. கருத்து மாணவருக்கு விளங்கிவிடும். விளங்காதது அச்சாணிதான். தேர் பார்த்த பிள்ளைகள் சிலர் இருப்பர். அதன் சக்கரத்தருகே குனிந்து பார்த்தவர் ஒருவரும் இரார்.

குலாய் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவன் ஒருவன் எழுந்து, "இன்றைய காருக்கு அச்சாணி எது, ஐயா?" என்று கேட்டான். "நட்டும் போல்ட்டும்தான்" என்று சொல்லி மேலே சென்றுவிட்டேன். அவ்விடை பாதிதான் சரி என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆயின. அறிய வைத்தவரும் அதே மாணவரே.

பரிமேலழகர் அச்சையும் ஆணியையும் பிரித்துப் பொருள் சொல்வார். சக்கரங்களைக் கோத்து நிற்கும் மரம் அச்சு. சக்கரம் கழன்று ஓடாதபடி அவ்வச்சின் கடைசியில் செருகப்படுவது ஆணி. இதனால்தான் நம் வண்டிக்காரர்கள் அதனைக் கடையாணி என்றனர். சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் தடித்த பகுதி குடம். குறடு என்றும் சொல்வர். குடத்திலிருந்து விரிபவை ஆரக்கால்கள். அவற்றின் தலைகளைச் சேர்த்து வட்டமாக நிற்பது வட்டை. அதன்மேல் இறுக்குவது இரும்புப் பட்டை. என் தந்தையார் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். குடத்தின் துளை தேய்ந்து சக்கரம் பக்கவாட்டில் ஆட்டம் கண்டால், குடத்துக்கும் கடையாணிக்கும் நடுவே ஓர் இரும்பு வளையத்தைக் கோத்து, மசகு தடவி மாட்டுவார். வளையத்தின் கனம் கூடிவிட்டால் கடையாணி துளைக்குள் முழுதும் இறங்காது. அந்த வண்டியை அவர் ஓட்டமாட்டார். இச்சிறு செய்தி கட்டுரையின் பிற்பகுதியில் நமக்குப் பயன்படும்.

இனி காருக்கு வருவோம்.

மேற்சொன்ன மாணவர் இப்போது சிங்கப்பூரில் தொழில்நுட்பப் பணியாளர். குடியிருப்பு ஜொகூர் பாருவில். பழைய பி.எம்.டபிள்யூ. எம் 3 நான்கு கதவுக் கார் ஒன்றை வாங்கினார். 2008 முதல் 2011 வரை வெளிவந்த வகை அது. எட்டு சிலிண்டர், நான்கு லிட்டர் இயந்திரம், 420 குதிரைத் திறன். பார்வைக்குக் குடும்பக் கார், ஓட்டத்தில் பந்தயக் கார் எனலாம். நம் மாநிலத்தில் இத்தகைய கார்ப்பற்று புதியதன்று. 1986இல் திறக்கப்பட்ட பாசிர் கூடாங் ஓட்டக்களத்தில் 1998ஆம் ஆண்டு உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே நடந்திருக்கிறது. பிறகே அப்பெருமை செப்பாங்குக்குச் சென்றது.

அக்காரின் சக்கரங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. 18 அங்குல ரிம் பொருத்தி வந்த காரில் முன் ரிம்மின் அகலம் 8.5 அங்குலம், பின் ரிம்மின் அகலம் 9.5 அங்குலம். டயரும் அப்படியே: முன்னே 245, பின்னே 265 மில்லிமீட்டர். காரணம் எளிது. இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் பின் சக்கரங்களுக்கே செல்கிறது. தரையைப் பற்றித் தள்ளும் வேலை அவற்றுடையது. மற்றொரு காரணமும் உண்டு. அதனைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. வளைவில் வேகம் மிஞ்சினால் முன் சக்கரமே முதலில் பிடி தளர வேண்டும் என்று செய்தவர்கள் கருதினர். முன் சக்கரம் தளர்ந்தால் கார் வளைவுக்கு வெளியே நீள்கிறது, ஓட்டுநர் இயல்பாகவே வேகத்தைக் குறைக்கிறார், கார் அடங்குகிறது. பின் சக்கரம் தளர்ந்தாலோ கார் பம்பரமாகச் சுழலும். அதைத் திருத்தப் பழகிய கை வேண்டும்.

அப்படியிருக்க நான்கையும் ஓரகலமாக்க இளைஞர்கள் விரும்புவது ஏன்? முதற்காரணம் சிக்கனம். பின் டயர் விரைந்து தேய்கிறது. முன்னும் பின்னும் வேறு அளவாதலின் இடம் மாற்றிப் போட முடியாது. நான்கும் ஒன்றாக இருந்தால் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றித் தேய்மானத்தைப் பகிரலாம். இரண்டாவது, முன்னே பிடி கூடுவதால் கார் சொன்ன சொல் கேட்டுத் திரும்பும். மூன்றாவது காரணம் அழகு. இதனைப் பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கடைகளில் நடக்கும் வணிகத்தில் பெரும்பங்கு இதற்கே உரியது என்பது என் எண்ணம்.

அகலத்தைக் கூட்டினால் போதும், சக்கரம் பொருந்திவிடும் என்று நினைப்பது தவறு. ரிம்மில் வேறோர் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். இ.டி. என்னும் இரண்டெழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் காணலாம். ஜெர்மன் மொழிச் சொல்லின் சுருக்கம் அது. நம்மூர்ப் பட்டறைகளில் ஆஃப்செட் என்பர். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் நடுக்கோடு ஒன்றை மனத்தில் வரைந்துகொள்க. ரிம் குடத்தோடு ஒட்டும் முகம் அந்நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாக எத்தனை மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கிறது என்பதே அவ்வெண். ஒதுக்கம் என்றே இதனைத் தமிழில் வழங்கலாம். ஒதுக்கம் கூடினால் சக்கரம் காருக்குள் புகும். குறைந்தால் வெளியே வரும். மாணவர்கள் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். கரும்பலகையில் வரைந்து காட்டினாலன்றித் தெளிவு பிறவாது.

நம் காரின் முன் ரிம்முக்கு ஒதுக்கம் 29. பின் ரிம்முக்கு 23. மாணவர் செய்தது, அதே காருக்குரிய பின் ரிம் இரண்டைப் பழையதாக வாங்கி முன்னே மாட்டியது. கணக்குப் பார்ப்போம். 8.5 அங்குலம் என்பது 215.9 மில்லிமீட்டர், பாதி 107.95. அதிலிருந்து 29ஐக் கழித்தால், குடத்தின் முகத்துக்கு வெளியே ரிம் 78.95 மி.மீ. நீள்கிறது. 29ஐக் கூட்டினால், உள்ளே 136.95 மி.மீ. புகுகிறது. 9.5 அங்குலத்துக்குப் பாதி 120.65. 23ஐக் கழித்தால் வெளியே 97.65, கூட்டினால் உள்ளே 143.65. ஆகவே பின் ரிம்மை முன்னே மாட்டினால் வெளிப்புறம் 18.7 மி.மீ. கூடுகிறது, உட்புறம் 6.7 மி.மீ. கூடுகிறது. வெளியே மட்கார்டு இடிக்குமா, உள்ளே அப்சோபர் இடிக்குமா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அடிப்படை இந்த இரண்டு எண்களே. ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். இதைப் போட்டுப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுப்போரைக் கண்டிருக்கிறேன்.

உட்புறம் இடம் போதாதபோதுதான் ஸ்பேசர் தேவைப்படுகிறது. குடத்துக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் வட்டமான அலுமினியத் தட்டு அது. இடைத்தட்டு என்போம். 5 மி.மீ. தட்டு வைத்தால் சக்கரம் 5 மி.மீ. வெளியே வரும், ஒதுக்கம் 23 என்பது 18 ஆனதற்கு ஒப்பு. அவ்வளவே அதன் தொழில். பிடியை அது கூட்டுவதில்லை. சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ளக் குடத்திலுள்ள பேரிங்கின்மேல் விழும் சுமை மட்டும் கூடும். நீர் நிறைந்த வாளியை மார்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

மாணவர் முன்னே மாட்டிய சக்கரத்துக்கு இடைத்தட்டு தேவையே இல்லை. காருடன் வந்த அப்சோபரே இருந்தது, 6.7 மி.மீ. நெருங்கியும் விரல் நுழையும் இடைவெளி மிஞ்சியது. ஆயினும் பட்டறையில் ஒருவர், "மட்கார்டு ஓரத்துக்கு வந்தால்தான் எடுப்பாக இருக்கும்" என்று சொல்லி 12 மி.மீ. தட்டைப் பொருத்திவிட்டார். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. டயருக்குச் சமன் ஈயம் சரியில்லை போலும் என்று எண்ணி ஓட்டினார். நடுக்கம் கூடியது, டக் டக் என்னும் ஒலியும் சேர்ந்தது. மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். முன் இடச் சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளில் இரண்டு விரலால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. காரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர்.

கார் இழுவை வண்டியில் வீட்டுக்கு வந்தது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றி வைத்து இருவரும் அளந்தோம்.

முதற்பிழை துளையில். அக்காரின் குடத்துக்கு நடுவே 72.6 மி.மீ. விட்டமுள்ள உதடு ஒன்று முன்னே நீண்டிருக்கும். ரிம்மின் நடுத்துளையும் அதே அளவு. உதட்டில் ரிம் இறுகப் பொருந்தி அமர்வதால்தான் சக்கரத்தின் மையமும் குடத்தின் மையமும் ஒன்றாகின்றன. பொருத்தியிருந்த தட்டின் துளையோ 74.1 மி.மீ. அதே நிறுவனத்தின் பழைய ஐந்தாம் வரிசைக் கார் ஒன்றின் அளவு அது. இரண்டு கார்களிலும் ஐந்து போல்ட்டுகளும் 120 மி.மீ. வட்டத்தில் அமைந்திருப்பதால் தட்டு மாட்டிக்கொள்ளும். பொருந்திவிட்டது என்றே தோன்றும். போதாக்குறைக்கு அது உதடில்லாத் தட்டையான தட்டு. 12 மி.மீ. கனம் குடத்தின் உதட்டை மூடிவிட்டது. தட்டுக்கோ தனக்கென உதடு இல்லை. ஆக, ரிம்மை நடுவில் நிறுத்த எதுவும் இல்லை. போல்ட்டுகளை மட்டுமே நம்பி அது தொங்கியது. 110 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் ஒரு நொடிக்குப் பதினான்கு முறைக்குமேல் சுழல்கிறது. மயிரிழை மையம் தவறினாலும் அத்தனை முறை உதறும்.

இரண்டாம் பிழை போல்ட்டில். ஜப்பானியக் கார்களில் குடத்திலிருந்தே திருகுக் கம்பிகள் நீண்டிருக்கும். அதன்மேல் நட்டு இறுகும். இக்காரில் அப்படியன்று. வெளியிலிருந்து போல்ட் நுழைந்து குடத்தில் இறங்கும். ஆகவே நடுவே 12 மி.மீ. தட்டு வைத்தால் போல்ட்டும் 12 மி.மீ. நீளம் கூடியதாக வேண்டும். போட்டிருந்ததோ 5 மி.மீ. மட்டும் கூடியது. 7 மி.மீ. குறை. அப்போல்ட்டின் விட்டம் 12 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. முன்னேறும். போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது குடத்துக்குள் பிடித்திருக்க வேண்டும் என்பது தொழில்முறை வழக்கு; அதாவது எட்டுச் சுற்று. நாங்கள் பழைய போல்ட்டைப் பழைய முறையில் திருகி எண்ணியபோது எட்டு வந்தது. பட்டறையார் போட்டதை எண்ணியபோது மூன்றுக்குமேல் சிறிது. கனத்த வளையத்தைக் கோத்தபின் முழுதும் இறங்காத கடையாணி என் நினைவுக்கு வந்தது.

இங்கேதான் என் பழைய விடையின் குறை வெளிப்படுகிறது. மாட்டுவண்டியின் சக்கரம் அச்சின்மேல் சுழல்கிறது. கடையாணி அது கழலாமல் மறிக்கிறது. மறிப்பது மட்டுமே அதன் வேலை. காரின் போல்ட் மறிப்பதற்கு இல்லை, அழுத்துவதற்கு. 120 நியூட்டன் மீட்டர் என்னும் குறித்த முறுக்கில் இறுக்கும்போது போல்ட் நூலிழை அளவு நீள்கிறது. நீண்ட கம்பி மீளத் துடிக்கும் விசையால் ரிம்மைக் குடத்தோடு அழுத்துகிறது. ஒரு போல்ட்டின் அழுத்தம் ஏறத்தாழ நான்கு டன். ஐந்துக்கும் சேர்த்து இருபது டன். சக்கரத்தின்மேல் அமரும் பளு 400 கிலோ அளவே. அப்பளுவைச் சுமப்பது போல்ட்டன்று. அழுந்திய இரு முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வு. உராய்வு அந்த அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கே என்று குறைத்துக் கொண்டாலும் மூன்று டன் வரை வழுக்காது. அழுத்தம் குறைந்தால் முகங்கள் வழுக்கும். வழுக்கினால் பளு போல்ட்டின் பக்கவாட்டில் விழும். போல்ட் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். அதற்குமுன் நடுங்கும். மச்சாப்பில் நின்றதால் அவர் அந்த ஒரு நாளைக் காணவில்லை.

எனவே காருக்கு அச்சாணி எது என்றால், போல்ட் என்னும் பொருளைக் காட்டிலும் அது உண்டாக்கும் அழுத்தம் என்பதே நேரான விடை. இடைத்தட்டு வைக்கும்போது அழுந்தும் முகங்கள் இரண்டு நான்காகின்றன. அவற்றில் எதிலேனும் துருவோ மணலோ வண்ணப்பூச்சோ இருந்தால் ஓடும்போது அது நசுங்கும். நசுங்கினால் அழுத்தம் தளரும். ஆதலின் முகங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தே மாட்ட வேண்டும்; 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்று இயந்திரத்தால் இறுக்கிவிட்டு "சரி" என்று தட்டிக்கொடுப்பது சரிபார்த்தல் ஆகாது. போல்ட் புரியில் எண்ணெய் தடவும் பழக்கமும் சிலரிடம் உண்டு. வழுவழுப்பு கூடுவதால் அதே முறுக்குக்கு அழுத்தம் மிகையாகிப் போல்ட் அளவுமீறி நீண்டுவிடும்.

நீண்ட போல்ட்டிலும் தீங்கு உண்டு. தட்டைக் கழற்றிய ஒருவர், நீண்ட போல்ட்டையே மீண்டும் திருகினால் அது குடத்தைக் கடந்து பின்புறம் நீளும். அக்காரின் பின் சக்கரங்களில் கைப்பிரேக்கின் உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே இரு வகைப் போல்ட்டையும் தனித்தனிப் பெட்டியில் எழுதி வைத்தல் நன்று.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகா ஏற்பதில்லை. பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றாலும் அதே நிலைதான். மாணவரின் காரில் ரிம்மினால் 18.7, தட்டினால் 12, ஆக 30.7 மி.மீ. வெளியே வந்திருந்தது. பட்டறையார் சொன்ன எடுப்பு இதுதான்.

தட்டுகளைக் கழற்றிவிட்டோம். பழைய போல்ட்டுகள் பக்கவாட்டு உராய்வுக்கு ஆளாகியிருந்ததால் முன் சக்கரங்களுக்குப் புதியவை வாங்கினார். ஓரகலச் சக்கரங்களை விடவில்லை. விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. அளந்து செய்தால் அதில் பிழையில்லை. ஆனால் இரண்டைச் சொன்னேன். ஒன்று, முன்னே 245க்குப் பதில் 265 டயர் போட்டதால் விட்டம் 16 மி.மீ. கூடுகிறது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒப்பிட்டே முடிவெடுப்பதாகலின், அக்காரை அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். மற்றொன்று மழை. அகன்ற டயர் தன் முன்னுள்ள நீரை விலக்க மிகுதியும் பாடுபட வேண்டும். விலக்க இயலாத வேகத்தில் நீரின்மேல் மிதக்கும். 2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் கோத்தா திங்கி மூழ்கிய மழையை நாம் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு பெய்யாவிடினும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நெடுஞ்சாலையில் நீர் தேங்காத நாள் குறைவு. முன்பு முதலில் தளர்ந்தவை முன் சக்கரங்கள். இப்போது எவை முதலில் தளரும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. காரைச் செய்தவர் வைத்த காவல் ஒன்றை நாமே எடுத்துவிட்டோம் என்பதை நினைவிற் கொண்டு ஓட்ட வேண்டும்.

அந்தக் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் கிழிந்தால் அடைக்கும் மருந்தும் காற்றடிக்கும் சிறு கருவியுமே உண்டு. இதைக் கேட்டதும் எனக்குப் புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது நினைவுக்கு வந்தது. உப்பு வணிகர்களாகிய உமணர், பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். மாணவருக்குச் சொன்னேன், பள்ளியில் இதைப் படித்த நினைவில்லை என்றார். நான் நடத்தாமல் விட்டிருக்கலாம்.

காரிலிருந்து கழற்றிய 8.5 அங்குல ரிம் இரண்டையும் விற்க விலை பேசியிருந்தார். இப்போது அவை டயரோடு அவர் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதனுள் பத்துப் போல்ட்டுகள். மூடியின்மேல் "சேம அச்சு" என்று அவர் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.